வாயைத் திறந்தால் அறுந்துபோகும் வைஃபை

பினாங்குத் தீவில் பிறந்து வளர்ந்தவன் ஃபெர்ரியில் வாந்தி எடுப்பான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் எடுப்பேன். ஜார்ஜ் டவுன் படகுத்துறையிலிருந்து அக்கரையில் பட்டர்வொர்த் போய்ச் சேரக் கால் மணி நேரம்தான். கடலும் பெரும்பாலான நாள் குளத்துத் தண்ணீர் மாதிரி சும்மா கிடக்கும். சுற்றுலா வந்தவர்கள் காற்று வாங்கிக்கொண்டு படம் எடுப்பார்கள். நான் ஒருவன் மட்டும் மூலையில் மோட்டார் சைக்கிளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, முருகா முருகா என்று நிற்பேன். பதினெட்டு வருடம் இப்படித்தான் வேலைக்குப் போனேன். பாலத்தில் போகலாமே என்று புத்தி சொல்கிறவர்கள் உண்டு. பாலத்தின் நடுவில் காற்று அடிக்கும்போது மோட்டார் சைக்கிள் தானாக ஒரு முழம் பக்கவாட்டில் நகரும். அதை ஒரு தடவை பார்த்தேன், போதும்.

கோவிட் வந்து, எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்று கம்பெனி சொன்னபோது ஊரே பயந்து கிடந்தது. நானும் வெளியே பயந்த முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தேன். நோய் போன பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக பட்டர்வொர்த் அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. கெஞ்சினேன், மருத்துவர் சீட்டைக் காட்டினேன், இடுப்பு வலி என்றேன், வீட்டு மேசையை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டேன்.

கப்பலில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் குமாஸ்தா வேலை எனக்கு. தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு, கோலாலம்பூரில் இருக்கும் மேலாளரிடம் அன்றைக்குத் துறைமுகம் போக வேண்டிய கன்டெய்னர்களின் எண்களைக் கணினி வழியாக வாய்விட்டு வாசிக்க வேண்டும். நாங்கள் அதைப் பெட்டி என்றுதான் சொல்வோம். ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். நாற்பது ஐம்பது பெட்டி இருக்கும். நான் வாசிக்க வாசிக்க மேலாளர் தன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். எங்கள் கம்பெனியில் எல்லாம் அப்படித்தான்.

நாலு மாதமாக இந்த வாசிப்புதான் அறுந்துபோய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டுக்குத் தொடங்குவேன். நாலைந்து பெட்டி வாசித்திருப்பேன். திரையில் மேலாளரின் முகம் உறைந்து, ஒரு கண் பாதி மூடிய நிலையில் நின்றுவிடும். வட்டம் ஒன்று சுற்றும். நாலு நிமிடம் கழித்து எல்லாம் தானாகச் சரியாகும். அதற்குள் கோலாலம்பூரில் மேலாளர் அம்மா அடுத்த ஆளிடம் போயிருப்பார். நாளின் மற்ற நேரமெல்லாம் வைஃபை தங்கக் கம்பி. காலையில் இழுத்தாலும் வரும், மாலையில் இழுத்தாலும் வரும். நான் வாயைத் திறந்தால் மட்டும் போய்விடும்.

மேலாளர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவருக்குக் கோபமே வராது. அதுதான் பயம். கோபப்படுகிறவர்களை எனக்குப் புரியும், நானே அந்த ஜாதி. அவர் புன்னகையோடு சொல்லிவிட்டார்: மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம், அன்றைக்கும் இணைப்பு அறுந்தால் திங்கட்கிழமை முதல் நீங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடுவது நல்லது. எனக்கு அப்போதே வாயில் உமிழ்நீர் ஊறியது. அது பசியில் ஊறுவது இல்லை, ஃபெர்ரியில் ஊறுவது.

எங்கள் வீடு பழைய வரிசை வீடு. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் பலகை அடித்து மோடத்தை வைத்திருக்கிறோம். வைஃபை அதிலிருந்துதான் வருகிறது. அதற்கு நேர் கீழே என் மேசை. கைக்கெட்டிய தூரத்தில் மோடம் இருந்தும் அறுந்துபோகிறது என்றால், வீட்டுக்குள் ஏதோ ஒரு சாமான் அலையைக் கெடுக்கிறது என்று இணையத்தில் போட்டிருந்தது. மோட்டார் ஓடும் சாமான்கள், விளக்குச் சரங்கள், கம்பியில்லாத மணிகள் என்று ஒரு பட்டியலே இருந்தது. பட்டியலைக் கடைசிவரை வாசிக்க எனக்குப் பொறுமை இல்லை. முதல் வரியிலேயே குற்றவாளி கிடைத்துவிட்டாள்.

என் மனைவி லிட்டில் இந்தியாவில் இருக்கும் ஒரு துணிக்கடைக்கு வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். மோட்டார் வைத்த தையல் இயந்திரம். நான் வாசிக்கும் நேரத்தில் அதை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். அறுந்தது. சாமி படத்தைச் சுற்றியிருந்த மின்னும் விளக்குச் சரத்தைப் பிடுங்கினேன். சாமி இருட்டில் இருந்தார். அறுந்தது. வாசல் மணியைக் கழற்றினேன். பாசார் சந்தையில் வாங்கிய கொசு மட்டையின் மின்கலத்தைக்கூடப் பிடுங்கி வைத்தேன். மூன்று நாள் கொசுவைக் கையால் அடித்தோம். அறுந்தது. இணையக் கம்பெனிக்குப் போன் போட்டேன். அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்றார்கள். அதைச் சொல்வதற்கு ஒரு கம்பெனி, அதற்கு மாதாமாதம் ஒரு கட்டணம்.

அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. பன்னிரண்டு மணிக்குத்தானே அறுகிறது, நேரத்தை மாற்றினால்? மேலாளரிடம் கெஞ்சி வாசிப்பைப் பதினோரு மணிக்கு மாற்றினேன். பதினொன்று அடித்ததும் பிள்ளையாரை நினைத்துத் தொடங்கினேன். ஐந்தாவது பெட்டியில் அறுந்தது. சரி, பிற்பகல் இரண்டரைக்கு மாற்றினேன். இரண்டரைக்குத் தொடங்கினேன். ஐந்தாவது பெட்டி. மூன்று நாள் இரண்டரைக்கு வாசித்தேன், மூன்று நாளும் அப்படியே. அன்றைக்குத்தான் முதுகில் சில்லென்று ஏதோ ஊர்ந்தது. எந்த இயந்திரத்துக்கும் என் கால அட்டவணை தெரியாது. யாரோ ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மனைவி வேறு முடிவுக்கு வந்தாள். நான் வாசிக்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கிறதாம். யார் கண்ணோ பட்டுவிட்டதாம். அடுக்களையில் எப்போதும் ஒரு கிண்ணம் நிறையச் சின்ன எலுமிச்சம்பழம் கிடக்கும். பக்கத்தில் ஒரு சீப்பு வாழைப்பழமும் கிடக்கும். எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதில்லை, பழம் இருந்தால் சாப்பிடுகிறவன் நான். அந்தக் கிண்ணத்திலிருந்து மூன்று எலுமிச்சையை எடுத்து, நடுவில் பச்சை மிளகாய் கோத்து, மோடத்தின் கொம்பில் கட்டினாள். திருநீறும் பூசினாள். மறுநாள் காணொளியில் மேலாளர் என் தலைக்கு மேல் தொங்குவது என்ன என்று விசாரித்தார். அலங்காரம் என்றேன். ஐந்தாவது பெட்டியில் அறுந்தது.

எனக்கு அதற்குள் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அங்கிள்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துத் தமிழர் குடும்பம், இரண்டு தலைமுறையாக இங்கேதான். துறைமுகத்தில் பெட்டிக் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டை போடாமல் குப்பை கொட்டக்கூட வெளியே வரமாட்டார். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில். நல்ல பழக்கமாகத்தான் இருந்தோம், நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை வரைக்கும்.

அன்று நான் வாசலில் மோட்டார் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் தன் கேட்டுக்குப் பின்னால் நின்று, நேற்று நான் வாசித்த பதினேழாவது பெட்டியில் ஒரு இலக்கம் குறைந்தது என்றார். ஏழு வர வேண்டிய இடத்தில் ஆறுதான் வந்தது, கவனம் வேணும் தம்பி என்றார். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. என் வீட்டுக்குள் நான் பேசுவதைச் சுவர் வழியாகக் கேட்டு, எண்ணிக்கை வேறு வைத்திருக்கிறார் இந்த மனிதர். ஒட்டுக் கேட்பது ஈனப் பிழைப்பு என்று தெருவே கேட்கச் சொன்னேன். அவர் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று மத்தியானம் துறைமுகத்திலிருந்து போன் வந்தது. பதினேழாவது பெட்டி நேற்றிலிருந்து துறைமுக வாசலிலேயே நிற்கிறதாம், எண் பிழையாம். அவர் சொன்னது சரிதான். அதனால்தான் என் கோபம் இன்னும் அதிகமானது.

அதுவரை என் மனைவி மீன்குழம்பு வைத்தாலும் சொதி வைத்தாலும் அந்த வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். அன்று நான் உத்தரவு போட்டேன். இனி இந்த வீட்டிலிருந்து ஒரு கரண்டி ரசம்கூட அந்த வீட்டுக்குப் போகக்கூடாது. அவள் தையலிலிருந்து நிமிராமல் சரிங்க என்றாள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் இத்தனை சுலபமாகச் சரி சொன்னது கிடையாது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆக, கதை எனக்குத் தெளிவாகிவிட்டது. பழி வாங்குகிறார். சுவர் வழியாக என் குரலைக் கேட்கிறார், நான் வாசிக்கத் தொடங்கியதும் ஏதோ ஓர் இயந்திரத்தைப் போட்டு வைஃபையைக் கெடுக்கிறார். அலையை அடைக்கும் இயந்திரம் இணையத்தில் விற்கிறது என்று எங்கோ வாசித்த ஞாபகம். நேரத்தை மாற்றினாலும் கூடவே வந்ததே, அதற்கு வேறென்ன விளக்கம்? மனைவியிடம் சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, அவருக்கு டிவி ரிமோட்டையே ஒழுங்காக அமுக்கத் தெரியாது என்றாள். அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவளுக்கு அடுப்பில் ஏதோ கருகியது, எழுந்து போய்விட்டாள்.

கடைசி வாரம் வந்தது. இனி நேரம் மாற்ற முடியாது, பன்னிரண்டுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அறுந்தது. புதன்கிழமை அறுந்ததும் நான் தலையில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அடுக்களையிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்து வந்து, சுவரில் கவிழ்த்து, காதை வைத்தேன். ஒட்டுக் கேட்பது ஈனப் பிழைப்பு என்று தெருவில் நின்று கத்தியவன் நான்தான். மனைவி பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். கேட்டது. ம்ம்ம்ம் என்று ஒரு இயந்திரத்தின் உறுமல். நாலு நிமிடம் விட்டு விட்டு உறுமியது. அப்புறம் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் திரையில் வட்டம் நின்று வைஃபை வந்திருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று டம்ளரோடு துள்ளினேன்.

வியாழக்கிழமை நான் தயாராக இருந்தேன். சட்டை மாற்றி, சாட்சிக்குக் கைத்தொலைபேசியை எடுத்து, அதில் எங்கள் வீட்டு வைஃபையைப் போட்டு வைத்தேன். பன்னிரண்டுக்கு வாசிக்கத் தொடங்கினேன். ஐந்தாவது பெட்டி. மேலாளரின் முகம் உறைந்தது. நான் எழுந்தேன். மனைவி ஓடி வந்து வழியை மறித்தாள்.

"இப்ப போவாதீங்க லா," என்றாள். "அவரு சாப்புடுற நேரம்."

சாப்பிடும் நேரம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும் என்று அப்போதும் தோன்றவில்லை. நாலே எட்டில் அவர் கேட்டைத் திறந்து, கதவைத் தட்டாமல் உள்ளே போனேன்.

கூடத்தில், எங்கள் மோடத்துக்கு நேர் பின்னால், சுவரோரமாகச் சாப்பாட்டு மேசை. மேசைமேல், சுவரை ஒட்டி, ஆதி காலத்து மைக்ரோவேவ் அடுப்பு ஒன்று. அதன் கதவு சரியாக மூடாது போல, ரப்பர் வளையம் போட்டு இழுத்துக் கட்டியிருந்தது. ம்ம்ம்ம் என்று உறுமிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சாமான் கிடையாது. சோற்றுக்குக் கரண்ட் வைக்கிற வேலை தன் அடுக்களையில் நடக்காது என்று மனைவி சொல்லிவிட்டாள். கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தேன். வைஃபை அடையாளம் செத்துக் கிடந்தது. அடுப்பு டிங் என்றது. அடையாளம் உயிர் பெற்றது.

அங்கிள் இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார்.

"வாரும் தம்பி. சாப்பிட்டாச்சோ?" என்றபடி ரப்பர் வளையத்தைக் கழற்றித் தட்டை வெளியே எடுத்தார், நாலு மாதமாகத் தினமும் பேசிக்கொண்டிருப்பவர் போல.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கண் மேசைக்குப் போனது. அடுப்புக்குப் பக்கத்தில் மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர். மூடியில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்களில் எல்லாம் பெயர் வெட்டுவது எங்கள் வழக்கம். அந்த மூடியில் இருந்தது என் பெயர். கண்ணாடித் தட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது எங்கள் வீட்டுச் சோறு. பக்கத்தில் வஞ்சிர மீன். எனக்கு இரண்டு துண்டுதான் வந்தது காலையில், மீன் சின்னதுங்க என்று மனைவி சொல்லியிருந்தாள். மீனின் நடுத்துண்டு இங்கே இருந்தது.

கேரியரையே நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"ஓம், உங்கட வீட்டுச் சாமான்தான்," என்றார். "உம்மட மனுசி இந்த நாலு மாசமா ஒவ்வொரு நாளும் பத்தரைக்கே பின்பக்கத்தால தாறவ, சாப்பிடேக்க நான் சூடாக்கிறனான். உமக்குத் தெரியும் எண்டல்லோ நான் நினைச்சன்."

ஜன்னலுக்கு வெளியே பின்பக்கச் சந்து தெரிந்தது. தொட்டியில் ஓர் எலுமிச்சைச் செடி, காய்த்துத் தொங்கியது. பக்கத்தில் வாழை. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் சட்டம், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் தருவோம். நான் தின்ற வாழைப்பழமெல்லாம் எந்தக் கேரியரில் வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. என் வைஃபைக்கு யார் கண் பட்டதென்று பயந்தோமோ, அவர் வீட்டு எலுமிச்சையையே பறித்து அவருக்கு எதிராகக் கட்டியிருக்கிறோம். பலிக்குமா அது?

ஆனாலும் வாய் சும்மா இருக்காதே. தினம் நான் வாசிக்கும்போதுதான் சாப்பாட்டைச் சூடு பண்ண வேண்டுமா என்று கேட்டேன். சண்டைக்குக் கொண்டு வந்த குரலில் பாதிதான் வந்தது.

அவர் தட்டைத் தன் பக்கம் நகர்த்தினார்.

"நீர் நம்பர் வாசிக்கத் தொடங்கினாத்தான் எனக்குச் சோறு இறங்கும் தம்பி. முப்பது வருசம் அந்தச் சத்தத்துக்குள்ள இருந்து சாப்பிட்ட ஆள். பிறகு மனுசி கதைச்சுக்கொண்டு இருப்பா. இப்ப இந்தப் பக்கம் நீர்தான்."

போன வாரம் நான் இரண்டரைக்குத்தானே வாசித்தேன், அன்றைக்கும் காத்திருந்தீர்களா என்று கேட்டேன். ஓம் என்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. மூன்று நாளும் இரண்டு மணிக்கே கை நடுங்கத் தொடங்கிவிட்டதாம். ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னார். எனக்கு என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. சோறு ஆறுகிறது, சாப்பிடுங்கள் அங்கிள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். என் உத்தரவு என்ன ஆனது என்று கேட்டேன். அவள் அசரவில்லை.

"நீங்கதானே அவருகூட பேச மாட்டேன்னீங்க? நான் எதுக்கு சோறு போடாம இருக்கணும்?" என்றாள்.

வஞ்சிரத்தின் நடுத்துண்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டேன். அவருக்கு முள் எடுக்கச் சிரமமாம். எனக்கு?

பிறகு சொன்னேன், வைஃபையை அறுப்பது அந்த அடுப்புதான் என்று. அவள் வாயில் கை வைத்தாள். நாளைக்கு ஒரு நாள் மட்டும் அரை மணி கழித்துச் சாப்பிடச் சொல்லுங்கள், முடிந்தது பிரச்சினை என்றாள். எனக்கும் முதலில் அது சரியாகத்தான் பட்டது. கேட்டுவரை போனேன். போய்த் திரும்பி வந்தேன். ஒரு இலக்கம் குறைந்ததையே பொறுக்காத மனிதர் அவர். தன் அடுப்பால் ஒருவன் வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தால், நாளைக்கு மட்டுமில்லை, சாகும்வரை அதைப் போடமாட்டார். ஆறிய சோற்றைத் தின்றுவிட்டு நன்றாக இருந்தது என்று மூடியில் எலுமிச்சையும் வைத்து அனுப்புவார். சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சொல்லாவிட்டால் திங்கட்கிழமை எனக்கு ஃபெர்ரி. இரண்டுக்கும் நடுவில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலை பினாங்கு ரோட்டுப் பக்கம் ஒரு கணினிக் கடைக்குப் போனேன். கடையை நடத்துவது ஒரு சீன அக்கா, மூக்கு நுனியில் கண்ணாடி. என் கதையை மலாயில் பாதி கேட்டதுமே, பக்கத்து வீட்டில் பழைய மைக்ரோவேவ் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். அந்த அடுப்பும் வைஃபையும் ஒரே அலையில்தான் ஓடும், பழைய அடுப்பு என்றால் கதவு வழியாகக் கசியும், ஒரே சந்தில் உன் சைக்கிளும் ஒரு லாரியும் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவது என்றார். புது மோடமும் புது கணினியும் என்றால் வேறு பாதையில் போகலாமாம். என் கம்பெனிக் கணினிக்கு அந்த ஒரு சந்துதான் தெரியுமாம். அப்படியானால் என் கதி என்ன என்று கேட்டேன். அந்த அக்கா கையை நீட்டி ஒரு சுருள் கேபிளை எடுத்து மேசைமேல் போட்டார். மோடத்திலிருந்து கணினிக்கு நேராக மாட்டிவிடு, காற்றில் போனால்தானே லாரி இடிக்கும் என்றார்.

கேபிள். இவ்வளவுதான். கம்பெனியின் கணினிப் பிரிவு இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே மின்னஞ்சலில் இதைத்தான் எழுதியிருந்தது என்று பிறகு தேடிப் பார்த்தபோது தெரிந்தது. மூன்றாவது வரியில் இருந்தது. நான் இரண்டாவது வரியில் கோபப்பட்டு மூடியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கணினியின் பக்கவாட்டில் கேபிள் மாட்டும் ஓட்டையைத் தேடினோம். இருந்தது. உள்ளே தூசியும் ஒரு சின்ன எறும்புக் குடும்பமும். மனைவி ரவிக்கைக்குக் கொக்கி தைக்கும் ஊசியால் நோண்டிச் சுத்தம் பண்ணினாள். கேபிளை மாட்டினேன். எலுமிச்சை மாலையை அவிழ்க்கலாமா என்று கேட்டேன். இன்றைக்கு ஒரு நாள் இருக்கட்டும் என்றாள். பத்தரைக்கு அவள் கேரியரை எடுத்துக்கொண்டு பின்வாசலால் போனாள். இப்போது ஒளிக்க வேண்டியதில்லை, ஆனாலும் பழக்க தோஷத்தில் முந்தானையால் மூடிக்கொண்டுதான் போனாள்.

பன்னிரண்டு. மேலாளர் வந்தார், பக்கத்தில் இன்னும் இரண்டு பெரிய தலைகள். ஹெட்செட்டில் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது பெட்டியில் சுவருக்கு அந்தப் பக்கம் ம்ம்ம்ம் என்று தொடங்கியது. மேசைமேல் இருந்த கைத்தொலைபேசியில் வைஃபை செத்தது. கணினியில் மேலாளர் கண் சிமிட்டினார். உறையவில்லை. மூக்கைச் சொறிந்தார். எந்த மனிதர் மூக்கைச் சொறிந்தும் நான் அத்தனை ஆனந்தப்பட்டதில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று மெயில் ரயில் மாதிரி அடித்துக்கொண்டு போனேன். சந்தோஷத்தில் குரல் தெருக்கோடிவரை போயிருக்கும்.

டொக், டொக்.

சுவர் இரண்டு தட்டு தட்டியது. நான் நின்றேன். பட்டியலைப் பார்த்தேன். கடைசியாக வாசித்த பெட்டியில் ஆறு இலக்கம்தான் சொல்லியிருந்தேன். மன்னிக்கவும் என்று சொல்லித் திரும்ப வாசித்தேன், ஏழு இலக்கமும். மேலாளர் தலையாட்டினார், தானும் அதைத்தான் கேட்க வாயெடுத்தேன் என்றார். அந்தத் தட்டு என்ன சத்தம் என்று பெரிய தலைகளில் ஒன்று கேட்டது. என் சரிபார்ப்பவர் என்றேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள்.

ஐம்பத்திரண்டு பெட்டி, ஒரு அறுப்பும் இல்லை. நீங்கள் தாராளமாக வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றார் மேலாளர். அப்புறம், ஒரு நல்ல செய்தி என்று புன்னகைத்தார். திங்கட்கிழமை முதல் புது முறை வருகிறது. பட்டியலை அனுப்பினால் கணினியே ஒப்பிட்டுக்கொள்ளும். இனி யாரும் வாய்விட்டு வாசிக்க வேண்டியதில்லை. நான் மேலாளருக்குப் பெரிய கும்பிடாகப் போட்டேன். மனைவியைக் கூப்பிட்டு, ஃபெர்ரிக்கு ஒரு முழுக்கு என்று கூடத்தில் ஆடினேன். என் ஆட்டத்தில் கேபிள் கழன்று விழுந்தது.

திங்கட்கிழமை காலை பட்டியலை அனுப்பினேன். ஒரு சொடுக்கு, போய்விட்டது. காபி குடித்தேன். மனைவி பத்தரைக்குக் கேரியரோடு போய் வந்தாள். பன்னிரண்டு ஆனது. தையல் இயந்திரம் ஓடியது. சாமி படத்தைச் சுற்றி விளக்குச் சரம் மின்னியது. பன்னிரண்டே கால் ஆனது. கைத்தொலைபேசியைப் பார்த்தேன். வைஃபை நிறைந்து நின்றது, எல்லாக் கோடும். நாலு மாதமாக நான் தவம் கிடந்தது இதற்குத்தான். பன்னிரண்டரைக்கும் அது நிறைந்தே நின்றது. சுவரைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு மனிதர் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நான் வாசிக்கக் காத்திருக்கிறார்.

மனைவி இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் காலையில் அனுப்பிய பட்டியலைத் திறந்தேன். தொண்டையைச் செருமினேன். எதிரே மேலாளரும் இல்லை, பெரிய தலைகளும் இல்லை. சுவரைப் பார்த்து, தெருவே கேட்கும்படி வாசிக்கத் தொடங்கினேன். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். நான்கு எழுத்து, ஏழு இலக்கம்.

ஐந்தாவது பெட்டியில் ம்ம்ம்ம் என்றது. தொலைபேசியில் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசிக் கோடும் விழுந்தபோது நான் கைதட்டாத குறை. அப்புறம் டிங். நான் நிறுத்தாமல் வாசித்தேன். பதினேழாவது பெட்டி வந்ததும் வேண்டுமென்றே ஒரு இலக்கத்தை விட்டேன். காதைச் சுவரில் வைத்துக் காத்திருந்தேன். தட்டு வரவில்லை. கையில் சோறு இருந்திருக்கும்.